என் மச்சான் கட்டிய வியர்க்காத வீடு

என் மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் தம்பிக்கு, பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவனுடைய பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருக்கிறது. வெளியே யாரும் அதை எடுத்துப் புழங்குவதில்லை. பட்டறையிலும் தெருவிலும் அவன் பெயர் ‘அங்கெல்லாம்’. வைத்தது நான் இல்லை. அவன் வாயே வைத்துக்கொண்டது. எதைப் பேச வந்தாலும் முதல் சொல் அதுதான்.

“அங்கெல்லாம் டீயை இப்படிக் கொதிக்க விட மாட்டாங்க, மாமா.”

“அங்கெல்லாம் நாய்கூட வரிசையில நிக்கும்.”

பதினோரு வருடம் ஒரு குளிர்நாட்டில் கன்டெய்னர் வீடு செய்யும் தொழிற்சாலையில் இருந்தான். அங்கே அவன் பார்த்த வேலை ஒன்றே ஒன்று: சுவரின் உட்பக்கம் பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்துப் பிடித்து ஒட்டுவது. பதினோரு வருடமும் அதேதான். திரும்பி வந்தபோது நாலு கம்பளிக் கோட்டு, பட்டுத் துணி விரித்த பெட்டியில் மட்டம் பார்க்க ஒரு ரசமட்டம், படம் போட்ட தடிப் புத்தகம் ஒன்று, இவற்றோடு வந்தான். நாங்கள் வேட்டியைக்கூடப் பாரமாக நினைக்கும் வெயிலில் அவன் கோட்டுக்கு அலமாரி தேடினான்.

நான் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவன். பள்ளிக்கூடம் என்னை நிறுத்தியதா, நான் பள்ளிக்கூடத்தை நிறுத்தினேனா என்பது இன்றுவரை தீராத வழக்கு. துறைமுகத்தில் கழித்துப் போட்ட கன்டெய்னர் பெட்டிகளில் துரு சுரண்டப் போனேன். இன்று அதே பெட்டிகளை அலுவலகமாக, மருந்துக்கடையாக, வீடாக மாற்றித் தரும் பட்டறை என்னுடையது. இந்தக் கடற்கரையில் என் பெட்டிகள் இருநூற்றுப் பன்னிரண்டு நிற்கின்றன. ஒன்றுகூட வியர்க்காது. சந்தேகம் இருப்பவர்கள் போய்க் கையை வைத்துப் பார்க்கலாம்.

வியர்ப்பதா என்று கேட்பீர்கள். இரும்புப் பெட்டி வெயிலில் அடுப்பாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அடுப்பை அணைப்பது பெரிய வித்தை இல்லை. சுவருக்குள் பஞ்சோ ஃபோமோ வைத்து மூடி ஏசி போட்டால் அணைந்துவிடும். அணைந்த பிறகுதான் வில்லங்கம் ஆரம்பம். கடலோரக் காற்று சும்மா வருவதில்லை, தண்ணீரைச் சுமந்துகொண்டு வருகிறது. எங்கே குளிர்ச்சியாக ஒரு இடம் தட்டுப்படுகிறதோ அங்கே சுமையை இறக்கி வைத்துவிடும். சுவருக்குள் இறக்கி வைத்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. பஞ்சு நனையும், பூஞ்சை பிடிக்கும், இரும்பு உள்ளுக்குள்ளேயே அரித்துப் போகும்.

இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. நான் செய்த முதல் பெட்டி சொன்னது. லாரி எடைபோடும் இடத்துக் குமாஸ்தாவுக்கு அறை செய்து கொடுத்தேன். அவர் சுவரில் ஒட்டிய காலண்டர் இரண்டாம் மாதமே கஞ்சியாகித் தரையில் கிடந்தது. “இந்த வருஷம் எனக்கு ரெண்டு மாசம்தான் குடுப்பியா?” என்று கேட்டார் மனுஷன். அன்று பிடித்த வழக்கம்: உள் பலகையின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னக் கதவு விடுவேன். அது வழியாகப் பலகைக்குப் பின்னால் ஒரு மெல்லிய தாளைச் செருகி வைப்பேன். பத்து நாள் ஏசி ஓட வேண்டும், ஆட்கள் வழக்கம்போல் போய்வர வேண்டும். பிறகு தாளை உருவி உதறுவேன். சலசலத்தால் பெட்டி பாஸ். சத்தம் போடாமல் மடிந்து தொங்கினால் பிரித்துப் போட்டு மறுபடியும். இவ்வளவுதான் என் கல்லூரி.

இனி மச்சான் கதைக்கு வருகிறேன். அதில் அவன் பெண்டாட்டி வருவாள். உண்மையில் அவளால்தான் இது கதை.

அவள் தையல்காரி. முறைக்கு எனக்குத் தங்கை. பள்ளிச் சீருடை தைப்பதில் இந்தப் பக்கம் அவளுக்கு நிகர் கிடையாது. ஆனால் நெஞ்சு பலவீனம். பூஞ்சை வாடை பட்டால் இழுப்பு வந்துவிடும். மச்சான் ஊர் திரும்பியதும் பிடித்த வாடகை வீட்டில் அந்த வாடை சுவரோடு குடியிருந்தது. இரண்டு மாதம் பொறுத்தாள். ஒரு நாள் மூன்று பைகளில் துணிமணியைக் கட்டிக்கொண்டு மேட்டுத் தெருவில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது சண்டை இல்லை, அழுகை இல்லை.

“காய்ஞ்ச சுவரு இருக்கிற வீடா பார்த்து வைங்க. வரேன். அதுவரைக்கும் போன்ல குடும்பம் நடத்துவோம்” என்றாள்.

பதினோரு வருடம் போனில் குடும்பம் நடத்தியவளுக்கு அது பெரிய விஷயமா? அவனுக்குத்தான் விஷயம். பெண்டாட்டியோடு ஒரே கூரையின் கீழ் இருக்கத்தான் அந்தச் சம்பளத்தையே விட்டுவிட்டு வந்தான்.

என் பட்டறைக்குப் பின்னால், கடலைப் பார்த்த மாதிரி அவனுக்குக் கொஞ்சம் மனை இருந்தது. இரண்டு கன்டெய்னரை ஒட்டவைத்து வீடு கட்டுகிறேன் என்றான். சந்தோஷம். நான் செய்து தருகிறேன் என்றேன்.

“இல்ல மாமா. நானே செய்யறேன். அங்கெல்லாம் இதுக்குன்னு ஒரு முறை இருக்கு. உங்க முறை கொஞ்சம்... பழசு.”

என் முறை பழசாம். இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டி பழசு. தினமும் மாலை வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

வேலை சுத்தம். அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ரசமட்டம் வைக்காமல் ஒரு ஸ்க்ரூகூட முடுக்கவில்லை. ஆனால் கண்ணாடிப் பஞ்சை வைத்து, அதன் மேல், அறைப் பக்கமாக, தன் பிளாஸ்டிக் ஷீட்டை ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்து ஒட்டினான் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கை பரபரத்தது. ஜன்னலுக்கும் கதவுக்கும் ஏசி குழாய்க்கும் இரும்பை வெட்டிய இடங்களில் வெளிப்பக்கம் பேருக்கு ஏதோ பூசியிருந்தான். உள்ளேதான் பிளாஸ்டிக் இருக்கிறதே என்ற தெம்பு. வேலியைத் தாண்டிப் போனேன். கையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில்.

“மச்சான், இந்த பாட்டில் எந்தப் பக்கம் வேர்க்குது?”

“வெளிப்பக்கம்.”

“தண்ணி உள்ள இருந்து ஒழுகுதா?”

“இல்ல, காத்துல இருந்து வருது. அதுக்கென்ன?”

“உன் வீடும் ஏசி போட்டா இந்த பாட்டில்தான். ஈரம் வெளிய இருந்து உள்ள வரும். பஞ்சைத் தாண்டி வந்து, சில்லுனு இருக்கிற உன் பிளாஸ்டிக்கில முட்டி, அங்கயே உக்காந்துக்கும். வெளிய போகவும் வழியில்ல, உள்ள வரவும் வழியில்ல. நீ சுவருக்குள்ள ஒரு தொட்டி கட்டிக்கிட்டு இருக்க.”

அவன் சிரித்தான். கம்பளிக் கோட்டு போட்டவன் வேட்டி கட்டினவனைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு சிரிப்பு. புத்தகத்தைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினான். படத்தில் வீட்டுக்கு வெளியே பனி கொட்டிக் கிடந்தது.

“படத்துல பனி இருக்கே மச்சான். நம்ம வாசல்ல எங்க இருக்கு?”

“மாமா, விஞ்ஞானம் எல்லா ஊருக்கும் ஒண்ணுதான்.”

“ஈரம் வர்ற பக்கம் ஒண்ணு இல்லையே.”

“அங்கெல்லாம் இஞ்சினியருங்க இதைப் பத்தி...”

“சரி, தாள் கதவாவது விடு.”

“காத்து புகாத சுவர்ல ஓட்டை போடச் சொல்றீங்களா?” என்று ரசமட்டத்தைப் பெட்டியில் வைத்து மூடினான். நானும் பாட்டிலை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். கூரைக்கு மேலே நிழலுக்கு இன்னொரு கூரை போடச் சொல்லவும் நினைத்திருந்தேன். சொல்லவில்லை. படட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீடு முடிந்து பத்து நாள் போனதும் அவள் மூன்று பையோடும் தையல் மெஷினோடும் வந்து இறங்கினாள். உள்ளே போனால் பல் கிட்டியது. ஏசியைப் பதினேழில் வைத்திருந்தான். அப்போதுதானே கோட்டு போட முடியும்! காலில் சாக்ஸ் வேறு. வீடு பார்க்க வந்திருந்த எல்லோர் முன்னாலும் சுவரில் ஊசி குத்தித் தொங்கவிட்டிருந்த ஒரு தாளை உருவினான்.

“மாமாவோட டெஸ்ட்டையும் பண்ணிட்டேன். பத்து நாளா இங்கதான் தொங்குது. கேட்டுக்குங்க.”

உதறினான். அப்பளம் மாதிரி சலசலத்தது. கூட்டம் கைதட்டியது. என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்குப் படிப்பு போதாது. தாளை அறைப் பக்கமாகத் தொங்கவிட்டிருக்கிறான், பலகைக்குப் பின்னால் வைக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. சொல்லியிருந்தால் பொறாமை என்பார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

இருபது நாள் ஆனது. அவளுக்கு மூச்சு இழுத்தது.

மச்சான் முதலில் அவள் தலைக்கு வைக்கும் எண்ணெயைக் குற்றம் சொன்னான். அப்புறம் தையல் மெஷினில் பறக்கும் நூல் தூசி. அதுவும் தேறாமல் என் பட்டறைப் புகைக்கு வந்தான். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சுவர் ஓரமாக மூக்கை வைத்துக்கொண்டே நடந்தாள். மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டு வந்தாள். இடுப்பு உயரம் வரை ‘டக் டக்’. முழங்காலுக்குக் கீழே ‘தொப் தொப்’. உடனே எனக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, உங்க தாளை எங்க வைப்பீங்க?”

“பலகைக்குப் பின்னாடிம்மா.”

“இவரு?”

“முன்னாடி.”

“கொஞ்சம் வாங்க.”

நான் போனபோது ஒரு பலகையைக் கழற்றிச் சாய்த்து வைத்திருந்தாள். உள்ளே அந்தப் பிளாஸ்டிக், பசுவின் மடி மாதிரிக் கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மறுபக்கம் பஞ்சு கறுப்பு.

“அதைத் தொடாத, காத்து புகுந்துரும்!” என்று மச்சான் ஓடி வந்தான்.

அவள் துணி வெட்டும் கத்தரிக்கோலால் அடியில் ஒரு வெட்டு வெட்டினாள். அரை வாளித் தண்ணீர் அவன் சாக்ஸ் மேலேயே இறங்கியது. வாடை என்றால் வாடை, நனைந்த நாயை ஒரு மாதம் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்த மாதிரி.

அவன் ஈரக் காலோடு நின்று, “அங்கெல்லாம் இப்படி ஆனதே இல்ல” என்றான்.

“அப்ப அங்கயே இருந்திருக்கலாமே” என்றாள்.

மூன்று பையும் மறுபடி மேட்டுத் தெருவுக்குப் போயின. தையல் மெஷினும் போனது. இந்தத் தடவை அவள் போனை எடுக்கவில்லை. எடுத்தது அவள் அக்கா. “தூங்குறா”, “குளிக்கிறா”, “கடைக்குப் போயிருக்கா” என்று நாளுக்கு ஒன்று சொன்னாள். நாலாம் நாள் அவளுக்கே அலுத்துப்போய், “பேசப் பிடிக்கலையாம் தம்பி” என்றாள். இனி வரவே மாட்டாளோ என்று அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அன்று சாப்பிடும்போது என் மனைவி தட்டைக் கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

“தெரிஞ்சுதானே வேடிக்கை பார்த்தீங்க?”

“பாட்டிலைக் காட்டினேனே.”

“பாட்டிலைக் காட்டிட்டு நாற்காலியில போய் உக்காந்துக்கிட்டீங்க. அன்னைக்கு அவன் தாளை உதறும்போது ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல. அவன் விழணும்னு பார்த்தீங்க. விழுந்தது அவன் மட்டுமா? அந்தப் பொண்ணு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு.”

நான் வாழ்க்கையில் ஒப்புக்கொண்ட தவறுகள் மொத்தம் மூன்று. அதில் இது ஒன்று. மற்ற இரண்டுக்கும் இங்கே இடமில்லை.

மறுநாள் காலை மச்சான் பட்டறைக்கு வந்தான். கோட்டு இல்லை. வெல்டிங் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“மாமா, ஃபோம் அடிக்கிற மெஷின் வேணும்.”

“எதுக்கு?”

“எல்லாத்தையும் பிச்சுப் போட்டுட்டேன்.”

போய்ப் பார்த்தால் உண்மைதான். பதினோரு வருடப் படிப்பு வாசலில் குவியலாகக் கிடந்தது. நான் மெஷினும் ஆட்களும் தருகிறேன் என்றேன். ஒரே ஒரு நிபந்தனை: வேலை முடியும் வரை ‘அங்கெல்லாம்’ என்ற சொல் வரக்கூடாது. வந்தால் ஒவ்வொரு தடவைக்கும் அரை மணி நேரம் என் பட்டறையில் துரு சுரண்ட வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் நாற்பதடிப் பெட்டி ஒன்று முழுசாகப் பளபளத்துவிட்டது. அதற்கு ஆள் போடலாம் என்றிருந்தேன், மிச்சம்.

இரும்பைச் சுரண்டி, துரு பிடிக்காத பூச்சு அடித்தோம். அதன் மேல் இடைவெளியே இல்லாமல் இரும்போடு ஒட்டிக்கொள்கிற மாதிரி ஃபோம். இரும்புக்கும் அதற்கும் நடுவில் ஈரக்காற்று போய் உட்கார இடமே இல்லை. பிளாஸ்டிக் கிடையாது. வெட்டிய இடங்களையெல்லாம் வெளிப்பக்கம் இறுக்கி அடைத்தோம். கூரைக்கு மேலே இரண்டு சாண் இடைவெளி விட்டு இன்னொரு தகரக் கூரை, வெயிலை அது வாங்கிக்கொள்ளட்டும், நடுவில் காற்று ஓடட்டும் என்று. ஏசி இருபத்தாறுக்குக் கீழே இறங்கக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டினேன். நாலு சுவருக்கும் நாலு தாள் கதவு. மூன்று சுவர் அவன் அடைத்தது. நாலாவது, குளியலறைப் பக்கம், ஏசி குழாய் வெளியே போகிற சுவர். அதை என் கையாலேயே அடைத்தேன். அவனுக்குக் காட்டுவதற்காக.

சேதி மேட்டுத் தெருவுக்குப் போனது. அவளே போனை எடுத்தாள், என்னிடம் மட்டும் பேசினாள்.

“தாளை நானே வந்து வைக்கிறேன், அண்ணே. நானே வந்து எடுக்கிறேன். யாரும் தொடக்கூடாது.”

துணிக்கு அளவு வெட்டும் தாளில் நாலு துண்டு கொண்டுவந்தாள். ஒவ்வொன்றிலும் கையெழுத்து.

“கையெழுத்து எதுக்கும்மா?”

“மாத்தி வச்சுட்டா?”

மச்சான் முகத்தைப் பார்த்தேன். தரையில் ஏதோ தேடிக்கொண்டிருந்தான்.

பத்து நாளும் மழை. துணி காயவில்லை, உப்பு கரைந்தது, எங்கள் வீட்டுக் கதவே ஊதிக்கொண்டு மூட மறுத்தது. பதினோராம் நாள் காலை அவள் வந்தாள். கையில் மூன்று பையும் இருந்தன. அவற்றை வாசலுக்கு வெளியிலேயே வைத்தாள். மச்சானுக்குக் கண் முழுக்கப் பைகள் மேலேதான்.

முதல் தாளை உருவினாள். உதறினாள். சலசல. இரண்டாவது, சலசல. மூன்றாவதை உதறும்போது அவன் உதடு அசைந்தது. எந்தச் சாமியோ தெரியாது. நாலாவதை உருவினாள்.

சத்தமே இல்லை. துவைத்த கைக்குட்டை மாதிரி விரலில் மடிந்து தொங்கியது.

அவன் முகம் சுண்ணாம்பு. அவள் கையெழுத்தைச் சரிபார்த்தாள். பிறகு குனிந்து மூக்கை வைத்து, “இது யாரு அடைச்ச சுவரு?” என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். அவன்தான் என்று கை காட்டியிருந்தால் முடிந்தது கதை. என் மனைவி பக்கத்தில் நிற்கிறாள்.

“நான்” என்றேன்.

குழாய் ஓட்டையைச் சுற்றி நான் பூசியது ஒரு பக்கம் சுருங்கி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு வாய் திறந்திருந்தது. கடற்காற்று அது வழியாகத் தாராளமாக வந்து போயிருக்கிறது. ஃபோம் நனையவில்லை, பலகையின் முதுகுதான் ஈரம். ஒரு மணி நேர வேலை. ஆனாலும் இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டி செய்த கை.

மச்சான் வாயைத் திறந்தான். ‘அ’ வரைக்கும் வந்துவிட்டது, நான் கேட்டேன். வாழ்நாளில் இப்படி ஒரு வாய்ப்பு அவனுக்கு வராது. என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு ரப்பர் பசை டப்பாவை எடுக்கப் போனான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. “கேட்டீங்களா அண்ணே, முழுங்கிட்டாரு” என்றாள். என் மனைவியும் சிரித்தாள். அவள் எதைப் பார்த்துச் சிரித்தாள் என்று நான் விசாரிக்கவில்லை.

பிறகு வாசலுக்குப் போய் ஒரு பையை மட்டும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“இன்னும் ரெண்டு?” என்றான் அவன்.

“மூணு தாளுக்கு ஒரு பை. நாலாவது சத்தம் போட்டா ரெண்டாவது. ஒரு வருஷ மழையும் பார்த்துட்டு மூணாவது. அதுவரைக்கும் அக்கா வீட்டுல இருக்கட்டும்.”

இரண்டாவது பை அடுத்த மாதமே வந்தது, தையல் மெஷினோடு. மூன்றாவது இன்னும் மேட்டுத் தெருவில்தான் இருக்கிறது. மாதம் பிறந்தால் போதும், மச்சான் பல்கூட விளக்காமல் நாலு தாளையும் உருவி, அவள் காதுப் பக்கத்தில் கொண்டுபோய் உதறிக் காட்டுகிறான். கோட்டுகளைப் பிரித்து அவள் மெஷினுக்கு உறை தைத்துவிட்டாள். இப்போதெல்லாம் வீடு பார்க்க வருகிறவர்களிடம், “இங்கெல்லாம் ஈரம் வெளிய இருந்து உள்ள வரும், தெரியுமா?” என்று பாட்டிலைக் காட்டி விளக்கம் சொல்கிறான். என்னுடைய பாட்டில். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் மேட்டுத் தெருப் பக்கம் ஒரு பெட்டிக்கு அளவெடுக்கப் போனவன் அவள் அக்கா வீட்டில் எட்டிப் பார்த்தேன். அலமாரி மேல் அந்த மூன்றாவது பை இருந்தது. ஓரமாக நகர்த்தி வைக்கலாம் என்று தூக்கினேன். காற்று மாதிரி வந்தது. திரும்பி வந்து தங்கையைக் கேட்டேன்.

“அது ரொம்ப நாளா காலிப் பைதான், அண்ணே” என்றாள். “அவருகிட்ட சொல்லிடாதீங்க. மழைக்காலம் இன்னும் பாக்கி இருக்கு.”

நான் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேனே என்று கேட்பீர்கள். பயமில்லை. பனி கொட்டிய படம் போட்ட அந்தப் புத்தகத்தைத் தவிர அவன் வேறு எதையும் படித்ததில்லை, அதுவும் இப்போது தையல் மெஷின் ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அடியில் கிடக்கிறது.